உயிருக்கு இரண்டு மாற்றா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தலைச் சொல்லும் அவை, ஏரி வாரியத்தோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. பொன்னின் மாற்றைப் பார்க்க ஒரு வாரியம்! உள்ளூர்க்காரனுக்கு ஒரு மாற்று, வெளியூர்க்காரனுக்கு ஒரு மாற்று என்றால் வாரியம் எதற்கு?

இன்று இதே வட்டாரத்தில் கார்கள் தயாராகின்றன. கிராமத்து இளைஞர்கள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். அங்கே உருவாகும் கார்கள் கடல் கடந்தும் ஓடுகின்றன.

பெயர் ஒன்று, கார் இரண்டு

2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு இந்தியாவில் விற்கும் 5 சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஐந்தும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றில் ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ10. சோதித்தது காற்றுப்பை இல்லாத அடிப்படை ரகம். அதே தொழிற்சாலையில் இருந்து ஐரோப்பாவுக்குப் போன ஐ10 கார்களில் காற்றுப்பை இருந்தது. 2008-ல் அங்கு நடந்த சோதனையில் 4 நட்சத்திரம் கிடைத்தது.

காரணம் என்ன? அங்கே கண்டிப்பு இருந்தது, இங்கே இல்லை. டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில்தான்!

நாடுகளுக்குள் இந்த விதிகளால் வழக்கும் உண்டு. டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2009-ல் இந்தியா உத்தரவு போட்டது. ஐ.நா. விதிப்படி சோதித்த டயருக்கு மறு சோதனை ஏன், முத்திரைக் கட்டணம் ஏன் என்று உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பா முறையிட்டது. 2025-ல் ஜப்பானிடம் அமெரிக்கா, தன் நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாரான கார்களை மறு சோதனை இல்லாமல் ஏற்கும்படி கேட்டு, ஒப்பந்தத்தில் பெற்றுக்கொண்டது.

ஒருவர் "பாதுகாப்பு" என்கிறார். மற்றவர் "வியாபாரத் தடை" என்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால், காருக்குள் உட்காரப் போகிறவனை யாரும் அழைத்துக் கேட்பதில்லை.

விலை ஏறும் என்பார்கள். 6 காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் கைவிட்டது. விலை ஏறத்தான் செய்யும். ஆனால், குடும்பத்துக்குச் சம்பாதிப்பவன் சாலையில் விழுந்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

விதிகள் ஒன்றாகட்டும், வேண்டாம் என்பார் இல்லை. ஆனால் உயர்ந்த விதி எதுவோ அதுவே பொது விதியாக வேண்டும். ஏற்றுமதிக் காரில் பூட்டும் பாதுகாப்பை, அதைப் பூட்டும் தொழிலாளி வாங்கும் காரிலும் பூட்ட வேண்டும். அவனுடைய தலையும் தலைதானே!