கையில் சுட்டுக்கிட்டா மாவுச் சட்டியைத் தேடாதீங்க, குழாயைத் திறங்க

தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்குது, குக்கர் ஆவி கையில அடிக்குது. உடனே நம்ம வீடுகள்ல எதைத் தேடுவோம்? இட்லி மாவு, டூத் பேஸ்ட், மஞ்சள், நெய், காபித்தூள். சில வீடுகள்ல பேனா இங்க் கூட உண்டு. வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லைங்க. ஆனா முதல் 20 நிமிஷத்துக்கு வீட்டு வைத்தியம்னா அது ஒண்ணே ஒண்ணுதான். குழாய்த் தண்ணீர்.

"ஐயோ, தண்ணி பட்டா கொப்பளிச்சிடும்"னு தடுக்க வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க. கொப்புளம் வர்றது தண்ணியால இல்லை, தோலுக்குள்ள இறங்கின சூட்டால. அது கொஞ்ச நேரம் கழிச்சு எழும்புறதால பழி தண்ணி மேல விழுது, அவ்வளவுதான்.

அடுப்பை அணைச்ச பிறகும் பாத்திரத்துக்குள்ள சோறு வெந்துக்கிட்டே இருக்கும் இல்லையா? தோலும் அப்படித்தான். 1953-ல் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்து விளக்கினார். நடுவில் செத்துப்போன திசு. வெளியே சிவந்து, தானா ஆறிடும் பகுதி. இரண்டுக்கும் இடையில இருக்கிற வளையம் பிழைக்கலாம், சாகலாம். நாம தண்ணி ஊத்துறது அந்த நடு வளையத்தைக் காப்பாத்தத்தான்.

மோதிரம், வளையலை முதல்ல கழட்டிடுங்க, வீங்கினா கழட்ட முடியாது. அப்புறம் ஓடுற தண்ணியில 20 நிமிஷம். மே மாசத்துல மொட்டைமாடி டேங்க் தண்ணி கொதிக்குதா? பானைத் தண்ணி, கேன் தண்ணி எதுவா இருந்தாலும் மொண்டு ஊத்துங்க. உடனே முடியலைன்னாலும் மூன்று மணி நேரத்துக்குள்ள ஊத்தினா பலன் உண்டு. ஐஸ் மட்டும் வேண்டாம். ரத்தக்குழாய்கள் சுருங்கி காயம் இன்னும் ஆழமாகும்.

இந்த 20 நிமிஷம்தான் நம்ம வீடுகள்ல நடக்கவே மாட்டேங்குது. குழம்பு கொதிக்குது, பள்ளிக்கூட வேன் வந்துடும்னு கையை ஒரு தடவை நனைச்சுட்டு திரும்ப அடுப்புக்கே போயிடுறாங்க. மாவு பூசுறது இவ்வளவு பிரபலமா இருக்கக் காரணமே, அது ஒரு நொடியில முடியுற வேலைங்கறதுதான்னு நான் நினைக்கிறேன். பக்கத்துல இருக்கிறவங்க கரண்டியை வாங்கிக்கோங்க. இல்லைன்னா அடுப்பை அணைங்க. ஒரு நாள் சாப்பாடு லேட்டானா ஒண்ணும் ஆகிடாது.

சரி, மாவு வெச்சா குளிர்ச்சியா இருக்கேன்னு கேட்பீங்க. அது ஈரமா, ஃபிரிட்ஜிலிருந்து வந்ததால. கொஞ்ச நேரத்துல காய்ஞ்சு ஒட்டிக்கும். அதோட புளிச்ச மாவுன்னா முழுக்க நுண்ணுயிரிகள். டூத் பேஸ்டோட ஜில்லுப்பு புதினா வாசனைப் பொருள் நரம்பை ஏமாத்துறது. நெய்யும் எண்ணெயும் சூட்டை வெளியே விடாது. மஞ்சள், இங்க் போட்டு வந்தா காயத்தோட நிறமே தெரியாது. ஆழம் எவ்வளவுன்னு பார்க்கணும்னா நாங்க அதைத் தேய்ச்சுக் கழுவணும், வலி உங்களுக்குத்தான்.

தேன்? இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. மேலோட்டமான தீக்காயங்கள் தேன் கட்டுப் போட்டா சீக்கிரம் ஆறுதுன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆனா போடணும்னா கிருமி நீக்கம் செஞ்ச மருத்துவத் தேன்தான், சமையலறை பாட்டில் வேண்டாம். வாழை இலையும் அப்படித்தான். காயத்துல ஒட்டாதுங்கறதால தீக்காய வார்டுகள்லயே பயன்படுத்தியிருக்காங்க, கிருமி நீக்கம் செஞ்சு. கற்றாழை வெறும் சிவப்புக்கு, குளிர வெச்ச பிறகு போட்டா பாதகமில்லை. தோல் உரிஞ்சிருந்தா வேண்டாம்.

கொப்புளத்தைக் குத்தாதீங்க. சுத்தமான துணியால லேசா மூடி, வலிக்கு பாராசிட்டமால் போதும்.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்புல பட்டு கொப்புளம் வந்தாலோ, காயம் உங்க உள்ளங்கையை விடப் பெருசா இருந்தாலோ, சுட்ட இடம் வெள்ளையா வலியே இல்லாம இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்கு வாங்க. டிடி ஊசி எப்போ போட்டீங்கன்னு கேட்போம். குழந்தை மேல டீயோ ரசமோ கொட்டிட்டா அளவெல்லாம் பார்க்காதீங்க. நனைஞ்ச சட்டையைக் கழட்டுங்க, ஒட்டியிருந்தா இழுக்காம விட்டுடுங்க. சுட்ட இடத்துல மட்டும் தண்ணி விட்டு, மத்த உடம்பைப் போர்த்தி, நேரா தூக்கிட்டு வாங்க. மேலே எதுவும் பூசாம.