சுவர் யாருடையது?

குன்றாண்டார்கோவில் பக்கம் ஓவியம் பார்த்துக்கொண்டு திரிகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் அந்தக் குன்றைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே பாறையைக் குடைந்த சிவன் கோவில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதன் முன்னால் விஜயநகரக் காலத்து மண்டபம் ஒன்று, குதிரைகள் பூட்டிய தேர் வடிவத்தில் நிற்கிறது. கல் தேர் என்பதால் யார் வடம் பிடிப்பது என்ற தகராறு இதில் இல்லை. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் இருப்பது மரத்தேர். பட்டியல் சமூக மக்கள் அதன் வடத்தைத் தொடலாமா என்பதற்காகத் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து வழக்கும் காவலும் நடந்தன.

நான் தேடியது பழைய கலையை அல்ல. இப்போது, இந்த வட்டாரத்தில், உயிரோடு இருப்பவர்கள் என்ன வரைகிறார்கள் என்பதைத்தான். என் முனைவர் பட்ட ஆய்வு கண்மாய்ப் பாசனம் பற்றியது. ஓவியத்தை முறையாகப் படித்தவனில்லை, பிடிக்கும், அவ்வளவுதான். ஆய்வுக்காகக் கீரனூரில் இறங்கி, ஒன்றியத்துக் கிராமங்களுக்குள் டவுன்பஸ்ஸிலும் கடன் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் சுற்றும்போது கண் கண்மாயை விட்டுச் சுவருக்குப் போய்விட்டது.

சமகாலக் கலை என்றால் வெள்ளைச் சுவரும் குளிரூட்டியும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் என்று நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் எந்தக் கிராமத்துக்கும் அப்படி ஒரு அறை கிடையாது. இங்கே இருப்பது பயணியர் நிழற்குடை, ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், கலையரங்கம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண்கள். ஒரு ஊரின் காட்சிக்கூடம் இவைதான். இந்தச் சுவர்களில் யாருடைய முகம் வரையப்படுகிறது, யாருடைய பெயர் எழுதப்படுகிறது, எது ஒரே வாரத்தில் சுண்ணாம்புக்குள் போகிறது என்று பார்த்தால் அந்த ஊரின் சாதி புரிந்துவிடும்.

கீரனூர் வட்டாரத்தில் ஓர் ஓவியர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சேரியில் பிறந்தவர். அவர் பெயரை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. பதினான்கு வயதில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டிடம் பிரஷ் கழுவப் போய், அங்கேயே எழுத்து கற்று, பிறகு முகம் கற்றவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னமும் வரைவார். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதையே சுவரில் நூல் பிடித்துப் பெரிதாக்கி, அம்பேத்கரின் முகத்தை அவர் கொண்டுவருவதை ஒரு பிற்பகல் முழுக்க நின்று பார்த்தேன். கோட்டுக்கு மூன்று நீலம் கலக்கிறார். கண்ணாடியைக் கடைசியில்தான் வரைகிறார். கண்ணாடி சரிந்தால் முகமே வேறு ஆளாகிவிடும் என்றார். பெரியாருக்குத் தாடி சுலபம், மூக்கு கஷ்டம். காமராசருக்கு உதடு. இதையெல்லாம் எந்தக் கலைக் கல்லூரியிலும் அவர் படிக்கவில்லை. பிளக்ஸ் வந்த பிறகு இந்த வேலையில் பாதி போய்விட்டது, மீதிப் பாதியில்தான் அவர் வீடு ஓடுகிறது.

அந்த மீதிப் பாதியில் கோவில் வேலையும் உண்டு. சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் பூசுவது. குடமுழுக்குக்கு முன்னால் சாரத்தின் மேல் பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து சாமியின் முகத்துக்கு, கைக்கு, சேலை மடிப்புக்கு வண்ணம் கொடுப்பார். குடமுழுக்கு அன்று எங்கே நிற்பீர்கள் அண்ணே என்று கேட்டேன். "பெயிண்ட் காயிற வரைக்கும்தான் தம்பி நம்ம உள்ள இருக்கலாம்" என்றார், பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. பெயிண்ட் எவ்வளவு நேரத்தில் காயும் என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார்.

அவருடைய படங்களின் ஓரத்தில் ஒரு சினிமா நடிகரின் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று இருக்கும். சொந்தப் பெயரைப் போட்டால் எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள், விசாரித்தால் சில ஊர்களில் வேலை வராது. கையெழுத்து என்பது கலைஞனின் அகங்காரம் என்று நகரத்தில் பேசிக்கொள்கிறோம். இங்கே கையெழுத்துப் போடாமலிருப்பது பிழைப்பு.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தச் சமணக் குகையைப் புதுப்பித்ததாக அது சொல்கிறது. தாமரைக் குளத்தையும் மீன்களையும் பூப்பறிக்கும் மனிதர்களையும் விதானத்தில் தீட்டிய கைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டு ஆகிறது. புதுக்கோட்டையில் படம் வரைபவர் பெயர் போடாமலிருப்பது அன்றும் இன்றும் ஒன்றுபோல இருக்கிறதே என்று தோன்றியது. அன்றைய காரணம் வேறாக இருந்திருக்கலாம். இன்றைய காரணம் நமக்குத் தெரியும்.

நிழற்குடை விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இருக்கும் பிள்ளைகள் நாளையும் அதே பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். கடந்த ஏப்ரலில், அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி, ஆதிதிராவிடர் குடியிருப்பு இளைஞர்கள் காசு சேர்த்து, நிழற்குடையின் ஒரு பக்கச் சுவரில் அவர் முகத்தை வரையச் செய்தார்கள். வரைந்தவர் நான் சொன்ன அண்ணன்தான். ஒரு வாரத்தில் அதிகாரிகள் வந்தார்கள். சட்டம் ஒழுங்கு என்றார்கள். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் என்றார்கள். சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. அதே நிழற்குடையின் மறுபக்கச் சுவரில் ஒரு சாதிச் சங்கத்தின் குருபூஜை அழைப்பு, அடி உயர எழுத்தில், இரண்டு வண்ணப் பட்டையோடு அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது. உருக்குலைவு எது, அலங்காரம் எது என்பதை அந்தச் சட்டத்தில் தேடிப் பயனில்லை, சுவருக்கு எந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் அந்தப் படத்தைத் தங்கள் தெருவுக்குள், ஒருவர் வீட்டுச் சுவரில் மறுபடி வரைந்துகொண்டார்கள். நல்ல படம். ஆனால் பேருந்துக்கு நிற்கும் யாருக்கும் அது தெரியாது. தமிழ்நாட்டில் அம்பேத்கர் படங்களின் நிலவியலே இதுதான்: நம் தெருவில் இருந்தால் மரியாதை, பொதுத்தெருவுக்கு வந்தால் பதற்றம். சிலை என்றால் கம்பிக்கூண்டு. வேதாரண்யத்தில் 2019 ஆகஸ்டில் சிலையை உடைத்தார்கள், அரசு விடிவதற்குள் புதுச்சிலையை வைத்தது. வேகமாகத்தான் வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் மாநிலம் முழுக்கக் கூண்டுக்குள் நிற்கும் சிலைகளைப் பாருங்கள். உடைப்பவனை வெளியே விட்டுவிட்டு உடைபடுபவரை உள்ளே அடைத்திருக்கிறோம். நவீன கலையில் இதை நிறுவல் கலை என்று சொல்வார்களே, அந்த வகையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய நிறுவல் கலையைச் செய்திருப்பது காவல்துறைதான்.

2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றப் பதிவாளரின் சுற்றறிக்கை ஒன்று, நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர மற்றவர்களின் படங்கள் கூடாது என்றது நினைவிருக்கும். வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம் மாவட்டத்துத் திருமயம் தொகுதியைச் சேர்ந்த அப்போதைய சட்ட அமைச்சர் ரகுபதி தலைமை நீதிபதியைச் சந்தித்த பிறகு, அம்பேத்கர் படம் அகற்றப்படாது என்று அரசு அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தை எழுதியவரின் படம் நீதிமன்றச் சுவரிலேயே போராடித்தான் நிற்க முடிகிறது என்றால், கீரனூர்ப் பக்கத்து நிழற்குடை எம்மாத்திரம்.

"நாட்டார் கலை இருக்கிறதே, அதில் எல்லோரும் கலந்துதானே இருக்கிறார்கள்" என்று ஒரு வாதம் வரும். புதுக்கோட்டையின் அய்யனார் குதிரைகளைச் சொல்வார்கள். எனக்கும் அவற்றைப் பிடிக்கும். வேளார் கைகளில் மண் உருளையாகத் திரண்டு, கால் நான்கும் எழுந்து, வயிறு வந்து, கழுத்து ஏறுவதைப் பார்ப்பது ஒரு பாடம். புரவி எடுப்பு முடிந்ததும் குதிரையை அய்யனாருக்கு முன்னால் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மழையில் கரைந்தாலும் மரத்தின் வேர் பிளந்தாலும் யாரும் பாதுகாப்பதில்லை. அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை. நிரந்தரத்தை விரும்பாத கலை என்று நவீன ஓவியர்கள் புத்தகம் போட்டுப் பேசுவதை இவர்கள் பேச்சில்லாமல் செய்கிறார்கள். சென்னையில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய தலைமுறை, இப்படியான நாட்டார் வடிவங்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. வடிவம் காட்சிக்கூடத்துக்குப் போனது, அங்கே அதற்குக் கலை என்று பெயர். செய்தவர் சூளையடியில் இருந்தார், அவருக்குக் கைவினைஞர் என்று பெயர்.

ஆனால் குதிரை செய்ய ஊர் சேர்ந்து வேளாருக்குப் பிடிமண் கொடுக்க வேண்டும். ஊர் என்றால் வரி கட்டுபவர்கள். பல ஊர்களில் சேரியிடம் திருவிழா வரி வாங்குவதே இல்லை. காசு மிச்சம் என்று நினைக்காதீர்கள், வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும் என்பதால்தான் வாங்குவதில்லை. குதிரை அழகாக இருக்கிறது, உண்மை. அந்த மண்ணில் யாருக்குப் பிடி இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத கலை ரசனை எனக்குப் போதவில்லை.

நகரம் இதற்கு மாற்று என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் வந்தன. ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் பெயிண்ட் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து செய்தவை. படங்கள் நன்றாகவே இருக்கின்றன, அங்கிருக்கும் குழந்தைகளுக்கும் பிடித்திருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி அங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்ட மக்களின் சுவர் அது. அவர்களுக்கு வண்ணம் கிடைத்தது. என்ன வரைவது என்று முடிவு செய்யும் நாற்காலியில் அவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த நாற்காலியைத் தாங்களே செய்துகொண்டவர்கள் உண்டு. நாக்பூரின் சவி சாவர்கர், கழுத்தில் கலயம் கட்டிய தீண்டப்படாதவரின் உருவத்தை இந்திய நவீன ஓவியத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்தார். பீகாரின் மால்விகா ராஜ் ராமனும் சீதையும் நிறைந்திருந்த மதுபனி ஓவிய மரபில் புத்தரை வரைகிறார். நம் மதுரையின் பழனிகுமார், மலக்குழியில் இறந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர், 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2018 இறுதியில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் தொடங்கிய வானம் கலைத் திருவிழா இந்தக் கைகளுக்கு மேடை போட்டது. எல்லாம் சரி. கிள்ளுக்கோட்டையிலிருந்து ஒரு பிள்ளை சென்னைக்குப் போய் அதைப் பார்க்க ஒரு நாள் கூலியும் ஒரு இரவுப் பயணமும் வேண்டும். விழா இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே ஏற்கெனவே இருக்கிற சுவர்களைத்தான் கேட்கிறேன்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடம். ஏழை வீட்டுப் பிள்ளை வண்ணத்தை முதலில் தொடும் இடம் அரசுப் பள்ளியின் ஓவிய வகுப்புதான். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அரசு எடுத்தது. வாரத்தில் மூன்று அரை நாட்கள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளில் அது 12,500 ஆனது, நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவே பள்ளியில் ஆள் வேண்டுமே.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் ஓவிய நோட்டைப் பார்த்தேன். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பு. மற்றவர்கள் மலை, சூரியன், குடிசை, தென்னை வரைந்திருந்தார்கள். இவள் ஒரு தண்ணீர்த் தொட்டியை வரைந்திருந்தாள். ஏணி, ஏணிக்குக் கீழே ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதான். வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பர் 26 அன்று தெரிய வந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தத் தண்ணீரைக் குடித்த சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. இந்தப் பிள்ளை வேங்கைவயல் அல்ல, வேறு ஒன்றியம். அவள் ஊர்த் தொட்டிக்குக் காவலும் இல்லை. ஆனாலும் தொட்டி என்றால் போலீஸ்காரர் கூடவே வந்துவிடுகிறார். பச்சை மை கொண்டு "நன்று" என்று கீழே எழுதியிருந்தது.

நிழற்குடைப் பிள்ளைகள் அடுத்த கிராம சபையில் வைக்க ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். நிழற்குடை, நூலகம், கலையரங்கம் மூன்றின் சுவர்களையும் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் முறைவைத்து வரையத் தர வேண்டும், சாதிச் சங்க எழுத்துகளை அதே 1959 சட்டப்படி அழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. சாதிச் சங்கம் பற்றிய வரியை எடுத்துவிட்டால் மனு நிறைவேறும் என்று ஒரு பெரியவர் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் எடுக்கவில்லை. முதல் படத்தைக் கூலி வாங்காமல் வரைந்து தருவதாக ஓவியர் அண்ணன் சொல்லியிருக்கிறார். கூலி வாங்க வேண்டும், ஓரத்தில் சொந்தப் பெயரும் போட வேண்டும் என்பது என் கருத்து. கூலியை மனுவில் சேர்த்துவிட்டார்கள். பெயரைப் பற்றி அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.