அம்மா விளையாடப் போயிருக்காங்க



"அப்பா எங்கேடா?" என்று கேட்டால், "கிரிக்கெட் ஆடப் போயிருக்கார்" என்று எந்தக் குழந்தையும் சொல்லும். "அம்மா விளையாடப் போயிருக்காங்க" என்று சொல்லும் குழந்தையை நம் சிட்லபாக்கத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. பள்ளியில் என்னிடம் கோ-கோவும் வளையப்பந்தும் ஆடிய பெண்கள், கைக்குழந்தை வந்ததும் ஓடுவதையே மறந்துவிடுகிறார்கள். உடம்பைக் குறை என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போய் விளையாடு என்று சொல்லத்தான் ஆளில்லை.

அவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஆட்டம் ஸ்குவாஷ். டீச்சர் பணக்கார கிளப் ஆட்டத்தைச் சொல்கிறாரே என்று சிரிக்காதீர்கள். சென்னைக்கும் ஸ்குவாஷுக்கும் நெருங்கிய உறவு உண்டு. காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு முதல் ஸ்குவாஷ் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, 2014-இல் கிளாஸ்கோவில் வாங்கித் தந்தவர்கள் சென்னைப் பெண்களான ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும்தான்.

தீபிகாவுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2022 ஏப்ரலில் உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவோடு ஒரு பட்டம், சவுரவ் கோஷலோடு இன்னொரு பட்டம். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ஹரிந்தர் பால் சிங் சந்துவோடு கலப்பு இரட்டையரில் தங்கம். இதைச் சொல்லி வீட்டுப் பெண்ணை "ஆறே மாசத்துல அவங்க ஆடலையா?" என்று விரட்டாதீர்கள். அவர் சிறு வயதிலிருந்து ஆடுபவர். நம் பெண்களுக்குப் பதக்கம் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் வியர்க்க விளையாடினால் போதும்.

ஏன் ஸ்குவாஷ்? 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலத்தில் ஒரு அறை. இரண்டு பேர் போதும். ஒருவர் வராவிட்டாலும் தனியாகச் சுவரில் அடித்துப் பழகலாம். வெயிலும் மழையும் தடையில்லை. புதிதாக ஆடுபவர்களுக்கு நன்றாக எழும்பும் பந்து தனியாகக் கிடைக்கிறது. அரை மணி நேரம் ஆடினாலே மூச்சு வாங்கும். கைக்குழந்தைக்காரிக்குக் கிடைப்பதும் அந்த அரை மணி நேரம்தானே!

நான்கு அம்மாக்கள் சேர்ந்தால் ஒரு குழு. இருவர் ஆடும்போது மற்ற இருவர் வெளியே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். பந்தும் மட்டையும் வேகமாக வரும் இடம், அதனால் குழந்தைகளைக் கோர்ட்டுக்குள் விடவே கூடாது. பிரசவமானவர்கள், குறிப்பாக அறுவை சிகிச்சை ஆனவர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு மெல்லத் தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு, உடல்நலத் தடை இல்லாத பெண்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

இடம்தான் சிக்கல். நேரு பூங்காவில் உள்ள இந்தியன் ஸ்குவாஷ் அகாடமிக்குப் போக இங்கிருந்து எழும்பூர் வரை ரயில், அப்புறம் மெட்ரோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வந்தால் அரை நாள் போய்விடும். ஆனால் நம் பக்கத்திலேயே, பெரிய அடுக்குமாடி வளாகங்கள் சிலவற்றில் ஸ்குவாஷ் கோர்ட் இருக்கிறது. வீடு விற்கும்போது அதைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நான் பார்த்த ஒன்று காலை பத்து மணிக்குப் பூட்டிக் கிடந்தது, உள்ளே பழைய நாற்காலிகள்.

குடியிருப்போர் சங்கங்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கும் என் மாணவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். செவ்வாய், வியாழன் காலை பத்து முதல் பதினொன்றரை வரை அந்தக் கோர்ட்டை அம்மாக்களுக்கு ஒதுக்குங்கள். பக்கத்துத் தெருப் பெண்களையும் சிறு கட்டணத்தில் அனுமதியுங்கள். நாலு மட்டை, சில பந்துகள் வாங்கி வையுங்கள். தாம்பரம் மாநகராட்சி உள்விளையாட்டு அரங்கம் எதையாவது கட்டும்போது, ஒரு ஸ்குவாஷ் கோர்ட்டும் சேர்க்கச் சொல்லி மனு கொடுப்போம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகளோ மகளோ மட்டையோடு கிளம்பினால், "சமையல் ஆச்சா?" என்று கேட்காதீர்கள். பேரக்குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாம்மா" என்று சொல்லுங்கள்.

எந்த வளாகத்தில் கோர்ட் இருக்கிறது, யாரெல்லாம் ஆட வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஆளைச் சேர்த்துவிடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்