கைரேகை தேய்ந்தால் அரிசி இல்லையா?

யந்திரத்தின் பிழையைக் கண்டுபிடித்த பெண் விஞ்ஞானி

ஒரு காலத்தில் கைரேகை பார்த்துச் சோதிடம் சொன்னார்கள். இன்று கைரேகை பார்த்து அரிசி போடுகிறார்கள்!

தேனி மாவட்டம், கடமலைக்குண்டு. மூல வைகைக் கரையில் உள்ள ஊர். சுற்றிலும் தென்னந்தோப்புகள். வருசநாட்டு மலைப் பக்கம் இலவ மரங்கள். தேங்காய் உரிப்பதும் இலவங்காய் உடைப்பதும் இங்கே பலருக்குப் பிழைப்பு.

இப்படி நாற்பது ஆண்டு உழைத்த ஒரு மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில். அவர் தனியாக வாழ்கிறார். ரேஷன் கடைக்குப் போய், யந்திரத்தில் விரலை வைக்கிறார். பொருந்தவில்லை. அடுத்த விரலை வைக்கிறார். அதுவும் பொருந்தவில்லை!

அவர் செய்த குற்றம் என்ன? உழைத்ததுதான்! கரடுமுரடான வேலை விரல் ரேகையைத் தேய்த்துவிடும். முதுமையில் தோலும் உலர்ந்து சுருங்கிவிடும்.

தமிழக ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. ஒருவர் பொருளை மற்றொருவர் வாங்கிப் போகாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு. நோக்கம் நல்லது. ஆனால் யந்திரத்துக்கு ஆளை அடையாளம் தெரியாவிட்டால், தவறு யாருடையது?

வெள்ளை முகமூடி

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். அவர் பெயர் ஜாய் புவலம்வினி. தந்தை விஞ்ஞானி, தாய் ஓவியக் கலைஞர். மகள் இரண்டும் ஆனார். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படித்தார்; கவிதையும் எழுதினார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தபோது, அவர் ஒரு கலைப்பொருள் செய்தார். அது ஒரு கண்ணாடி. பார்ப்பவர் முகத்தின் மேல் வேறு உருவம் தோன்றும். ஆனால் அவருடைய கறுத்த முகத்தைக் காமிரா கண்டுகொள்ளவே இல்லை! வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டார். உடனே கண்டுகொண்டது!

காரணம் என்ன? குழந்தைக்குப் பசுவை மட்டுமே காட்டி வளர்த்தால், எருமையைக் கண்டு விழிக்கும் அல்லவா? அதே கதைதான். யந்திரத்துக்குக் காட்டிய படங்களில் வெள்ளை முகங்களே அதிகம்.

புவலம்வினி சும்மா இருக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் யந்திரங்களைச் சோதித்தார். படத்தில் இருப்பவர் ஆணா, பெண்ணா என்று யந்திரம் சொல்ல வேண்டும். 2018-ல் முடிவு வெளியானது. வெள்ளை ஆண்களிடம் பிழை 100-க்கு 1 கூட இல்லை. கறுத்த பெண்களிடம் 100-க்கு 34-க்கும் மேல் போனது!

ஐ.பி.எம். கம்பெனி முகம் அறியும் யந்திர வியாபாரத்தை 2020-ல் கைவிட்டது.

மீதிப் பேர் யார்?

கடமலைக்குண்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. "100-ல் 95 பேருக்கு யந்திரம் சரியாக வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் திருப்தி அடையக்கூடாது. மீதி 5 பேர் யார் என்று கேட்க வேண்டும். அவர்கள் முதியவர்களாகவும் கூலி வேலை செய்பவர்களாகவும் இருந்தால், யாருக்கு அரிசி மிகவும் தேவையோ அவர்களையே யந்திரம் திருப்பி அனுப்புகிறது என்று பொருள்!

வழி இல்லாமல் இல்லை. கைரேகை பொருந்தாததற்காக யாருக்கும் பொருளை மறுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கருவிழியைப் பார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்தது. இத்தகைய யந்திரங்கள் எல்லாரிடமும் நியாயமாக நடக்கின்றனவா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் கொள்கையைத் தமிழக அரசு 2020-ல் வெளியிட்டது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

ஆனால் வீட்டு வாசலிலும் விரல் அதே விரல்தானே? ஆகையால், பொருந்தாதவர் எத்தனை பேர், அவர்கள் யார் என்று கடைதோறும் கணக்கு எடுக்க வேண்டும். மாற்று வழி உண்டு என்பதைக் கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

யந்திரம் மனிதனுக்காக வந்தது. ரேகை தேயலாம், உரிமை தேயக்கூடாது!