வெளியாள் அடித்தால் சட்டம், உள்ளாள் வதைத்தால்?

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸில் ஊழியர்கள் இருவர்: ‘பைலட்’ எனப்படும் ஓட்டுநர், பின்னால் நோயாளியோடு இருக்கும் மருத்துவ உதவியாளர். இவர்களை வெளியாள் அடித்தால் தண்டிக்கக் கடுமையான சட்டம் இருக்கிறது. உள்ளாள் வதைத்தால், அது பாலியல் தொல்லையாக இல்லாதவரை, தனிச் சட்டம் ஏதுமில்லை.

வெளி மிரட்டலுக்கு வேலூர் மாவட்டத்தில் ஒரு சான்று உண்டு. 2025 ஆகஸ்ட் 18 அன்று அணைக்கட்டில் அதிமுக பொதுச்செயலாளர் எடப்பாடி பழனிசாமி பேசிய கூட்டத்துக்குள் நோயாளி இல்லாத ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. இடையூறு செய்யவே அனுப்புகிறார்கள் என்ற அவர், இனி அப்படி வந்தால் ஓட்டுநரே நோயாளியாகப் போக நேரிடும் என்று எச்சரித்தார். நோயாளியை ஏற்றப் போகும் வண்டி காலியாகத்தானே போகும்! ஆறு நாளில் திருச்சி மாவட்டம் துறையூரில், அதே கட்சிக் கூட்டத்துக்கு வந்த 108 ஊழியர்கள் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்கிறது மாநில அரசின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம்.

உள்ளாளிடமிருந்து பெண் ஊழியருக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு இருப்பது 2013-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வேலை நிமித்தமாகச் செல்லும் இடமும், நிறுவனம் தரும் வாகனமும் அதன்படி பணியிடமே. ஆகவே ஆம்புலன்ஸும் பணியிடம். மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அங்கே ஒரே கூரையின் கீழ் பலர் இருப்பார்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியைக் கொண்டுபோய் விட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இரவில் திரும்பும் வண்டியில் இருவர் மட்டுமே. நடந்ததைப் பார்த்த மூன்றாம் ஆள் கிடையாது.

மிச்சமிருப்பது அன்றாட வதை: 12 மணி நேர ஷிப்ட், மறுக்கப்படும் விடுப்பு, கேள்வி கேட்டவருக்குத் தொலைதூர இடமாற்றம். தொழிற்சங்கம் பலமுறை எழுப்பிய புகார்கள் இவை. பணம் அரசுடையது, நடத்துவது தனி நிறுவனம்; எனவே ஊழியர் அரசு ஊழியரும் அல்லர். பணியிட வன்முறை, தொல்லை குறித்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, உளரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே பேசுகிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்கும்வரை, இடமாற்ற உத்தரவைக் கையில் வைத்திருக்கும் ஊழியருக்கு உள்ள வழி, சங்கத்தின் மூலம் தொழிலாளர் துறையிடம் முறையிடுவதுதான்.