டெக்னீசியனுக்கு பேட்ஜ் உண்டு, பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை

பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டம். அடுத்த ஏழு ஆண்டுகளில் தேவாரம், போடி வட்டாரம் முழுக்க 'கதிர்வீச்சு' என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரை வந்து உட்கார்ந்தது. மலை என்ன ஆகும், தண்ணீர் என்ன ஆகும் என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2022இல் திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அப்போது விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்மைதான். நியூட்ரினோ நம் உடலை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஆனால், உடலுக்குள் நிஜமாகவே ஆற்றலை இறக்கிவிட்டுப் போகும் கதிர்வீச்சு ஒன்றும் இதே ஊர்ப் பிள்ளைகள் மேல் பாய்ந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் சிடி ஸ்கேன். அதற்கு யாரும் விளக்கக் கூட்டம் போடவில்லை, நாமும் கேட்கவில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். சிடி ஸ்கேன் எதிரி இல்லை. புற்றுநோய் வந்த குழந்தைக்குக் கட்டி எங்கே இருக்கிறது, சுருங்கியதா, பரவியதா என்று பார்க்காமல் சிகிச்சை இல்லை. மருத்துவர் தேவை என்று சொல்லும் ஸ்கேனைப் பயந்து மறுப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. நம் கேள்வி வேறு: எவ்வளவு பாய்ச்சினார்கள் என்பதற்குக் கணக்கு எங்கே?

சிடி அறையில் வேலை பார்க்கும் டெக்னீசியனின் சட்டையைப் பாருங்கள். டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒரு சின்ன அட்டை குத்தியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சோதனைக்குப் போகும். அவர் வாழ்நாளில் வாங்கிய கதிர்வீச்சின் மொத்தக் கணக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் ஏறும். ஒரே ஆண்டில் 30 மில்லிசீவர்ட், ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் உண்டு. தொழிலாளியின் உரிமை அது, இருக்கத்தான் வேண்டும்.

அதே அறையில், எந்திரத்துக்குள்ளேயே படுத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வயிற்றுப் பகுதி சிடி ஒன்றுக்கு, எந்திரத்தையும் அதன் அமைப்பையும் பொறுத்து, சுமார் 5 முதல் 10 மில்லிசீவர்ட் ஆகலாம். இயற்கையிலிருந்து ஒரு மனிதர் ஓராண்டில் வாங்குவது உலக சராசரியில் 2.4. நிணநீர்க் கட்டியோ சிறுநீரகக் கட்டியோ உள்ள குழந்தைக்கு சிகிச்சைக் காலத்தில் பல ஸ்கேன்கள் எடுக்க நேரும். நோயாளிக்கு வரம்பு வைக்காததில் நியாயம் உண்டு. சிகிச்சைக்குத் தேவையானதை எண்ணைக் காட்டித் தடுக்கக் கூடாது. கணக்கு வைக்காததற்கு என்ன நியாயம்?

எந்திரத்துக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் டிஎல்பி என்ற பெயரில் ஒரு எண் திரையில் விழுகிறது. அந்த எண் கணினியிலேயே கிடக்கிறது. அதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாக அச்சிட ஒரு ரூபாய் செலவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கொண்டுவந்த வழிகாட்டு ஆணைப்படி, நோயாளி வாங்கிய கதிர்வீச்சு பற்றிய தகவல் ரிப்போர்ட்டின் ஒரு பகுதி. கலிஃபோர்னியாவில் 2012 முதல் சிடியின் அளவைப் பதிவது சட்டக் கடமை. இந்தியாவிலோ, ஒரு குழந்தை மொத்தம் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று கூட்டிச் சொல்லும் தேசியப் பதிவேடு இல்லை.

ஆபத்து எவ்வளவு என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்வோம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், சிறு வயதில் சிடி எடுத்த சுமார் 9.5 லட்சம் பேரை ஆராய்ந்த முடிவு 2023இல் வெளியானது. வழக்கமான அளவில் சிடி எடுக்கும் 10,000 பிள்ளைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அதனால் இரத்தப் புற்றுநோய் வரலாம் என்று அது கணக்கிட்டது. சிறிய ஆபத்துதான். ஆனால் ஸ்கேன் கூடக்கூட ஆபத்தும் கூடும். நாம் பேசும் பிள்ளையின் உடலோ ஏற்கெனவே கீமோவும், பல நேரம் ரேடியேஷன் சிகிச்சையும் வாங்கிய உடல்.

"முதலில் உயிர் பிழைக்கட்டும், முப்பது வருசம் கழித்து வருவதை அப்புறம் பார்ப்போம்" என்பார்கள். இந்த வாதத்துக்குள்தான் சாதி ஒளிந்திருக்கிறது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். குணமாகி அறுபது எழுபது வருடம் வாழப்போகிறவருக்குத்தான் இரண்டாவது புற்றுநோய் ஒரு பிரச்சினை. ஆகவே அங்கே கணக்கு எழுதுகிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் ஒரு தலித் தாயின் பிள்ளைக்குக் கணக்கு எழுதாத அமைப்பு, அந்தப் பிள்ளை நெடுநாள் வாழும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

அந்தத் தாயின் அலைச்சலைப் பாருங்கள். தேவாரத்தில் இருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி, அங்கிருந்து மதுரை. முதல் ஸ்கேன் தனியாரிடம். அந்த சிடி தட்டு அடுத்த மருத்துவமனைக் கணினியில் திறக்கவில்லை என்றால், அல்லது "நம்ம இடத்துல எடுத்ததுதான் வேணும்" என்று யாராவது சொல்லிவிட்டால், பிள்ளை மறுபடி எந்திரத்துக்குள் போகும். ஆள் அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவதை 2002இன் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. கமிஷன் நின்றபாடில்லை. பெரியவர்களுக்கான அமைப்பை மாற்றாமல் குழந்தைக்கு எடுப்பதும், ஒருமுறை போதுமான இடத்தில் மருந்து ஏற்றும் முன்னும் பின்னும் இருமுறை எடுப்பதும் அளவைக் கூட்டும். எண் கையில் இருந்தால் இதையெல்லாம் கேட்கலாம். எண் இல்லாத இடத்தில் கேள்விக்கு இடமில்லை.

"சொன்னா இவங்களுக்குப் புரியாது, பயந்துடுவாங்க" என்பது அடுத்த பதில். இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். இன்று ஈயம் இல்லை, இங்கிலீஷ் ரிப்போர்ட் இருக்கிறது. இன்னார்க்கு இன்னது தெரிந்தால் போதும் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறார், தடுப்பூசி அட்டையைத் துணிப்பையில் சுற்றி ஊர் ஊராகக் கொண்டு போகிறார். எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று சொல்கிறார். அவருக்கா ஸ்கேன் கணக்கு புரியாது?

தடுப்பூசி அட்டை போலவே ஓர் அட்டையைக் கேட்போம். தேதி, எந்த உறுப்பு, எந்த மருத்துவமனை, எவ்வளவு அளவு, இதுவரை மொத்தம். தமிழில். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், இந்த அட்டையில் எழுதினால்தான் ஸ்கேனுக்குப் பணம் என்று அரசு ஓர் ஆணை போடட்டும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சு இல்லை. அவை போதுமான இடத்தில் பிள்ளைக்கு அவை கிடைக்க, மாவட்ட மருத்துவமனைகளில் எந்திரமும் ஆளும் வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. உங்கள் தெருவில் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் பெற்றோரோடு போங்கள். படத்தோடு கதிர்வீச்சு அளவுப் பக்கத்தையும் கொடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: குழந்தைகளுக்குத் தனி அமைப்பு வைத்திருக்கிறீர்களா, அளவைப் பதிகிறீர்களா என்று. நியூட்ரினோவுக்கு ஏழு ஆண்டு கேள்வி கேட்ட மண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை.