சான்றிதழ் வாங்கின சேர் நாளைக்கு வகுப்பில் என்ன செய்வார்?

எங்கட பக்கத்து ஆசிரியர்களுக்கு நடக்கிற உளசமூகச் செயலமர்வு எப்படி இருக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். காலையில் கிறாஅத், வரவேற்புரை, பவர்பொயின்ட். பகல் சாப்பாடு. பின்னேரம் சான்றிதழும் குழுப்படமும். அடுத்த நாள் அதே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தனியே நிற்கிறார், முந்தாநாள் நின்ற மாதிரியே. இதைப் பயிற்சி என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம்.

கல்முனைக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு மேலதிக விஷயமில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது பிள்ளைகளின் புத்தகப் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். 2024 நவம்பர் 26 வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் மௌத்தானார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் மணி அடித்தது, விட்ட பாடம் தொடர்ந்தது. பக்கத்தில் இருந்த கூட்டாளி இனி வரமாட்டான் என்பதை அந்தப் பிள்ளையோடு யார் பேசியது?

இன்னொன்றையும் யோசியுங்கள். சுனாமி வந்தபோது எட்டு வயதான பிள்ளைக்கு இப்போது முப்பது வயதளவில் இருக்கும். அவர்களில் சிலர் இன்றைக்கு இதே பள்ளிக்கூடங்களில் சேர், டீச்சர். அவர்களிடம் பிள்ளைகளின் மனசைக் கவனியுங்கள் என்கிறோம். அவர்கள் மனசை யாராவது கேட்டோமா?

"சபூர், நல்லொழுக்கம் எல்லாம் இஸ்லாம் பாடத்தில இரிக்கிதானே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் சபூர் என்றால் என்ன என்று எழுதி முழுப் புள்ளி வாங்குவது வேறு, கோபம் தலைக்கேறின நேரத்தில் கையை அடக்கப் பழகுவது வேறு. இரண்டாவதைப் பழக்க ஒரு ஆசிரியருக்கும் பழக்கம் வேண்டும். 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. நல்லது. பிரம்பை வைத்துவிட்டுப் பிறகு என்ன செய்வது என்று பழக்கியதை மட்டும் நான் காணவில்லை.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்ல" என்பது அடுத்தது. 2011இல் ஜோசப் டர்லாக் குழுவினர் இப்படியான 213 திட்டங்களை, இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்தான். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற பிள்ளை பதினொரு இடம் முன்னுக்கு வருகிற அளவுக்குப் படிப்பும் கூடியிருந்தது. வெளியாட்கள் வராமல் வகுப்பாசிரியரே நடத்தியபோதும் பலன் கிடைத்தது. ஆகவே புலமைப்பரிசில் பெறுபேற்று பேனருக்காகவாவது இதைச் செய்யலாம்!

அமெரிக்காவை விடுங்கள். மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக்காரர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தம் நடந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி வந்து களிமண், சாயம், கதை, நாடகம் என்று விட்டார்கள். கூட நின்றவர்கள் இந்த மண்ணின் இளம் ஆட்கள். ஒரு நாள் சான்றிதழோடு முடியிற வேலையா அது?

பள்ளிக்கூடத்துக்குள் இதைச் செய்ய இடம் இல்லாமலும் இல்லை. அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படிப்பவர்கள் இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு, மூன்றாவது வருடம் பள்ளிக்கூடத்தில் உள்ளகப் பயிற்சி செய்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில், அனுபவமுள்ள ஒருவர் மாதத்துக்கு இரண்டு தடவையாவது வகுப்பின் பின்வாங்கில் இருந்து பார்க்கட்டும். அழுகிற பிள்ளையிடம் என்ன பேசினாய், சண்டையை எப்படி விலக்கினாய் என்று பிறகு இருந்து கதைக்கட்டும். ஆசிரிய ஆலோசகர் வந்தால் பாடக்குறிப்பை மட்டும் புரட்டாமல் இதையும் பார்க்கட்டும். கலைப்பீடத்தில் படித்துவிட்டு, பயிற்சி ஒன்றும் இல்லாமலே நியமனக் கடிதத்தோடு வகுப்புக்குள் போகப்போகிற எங்களுக்கும் அதுதான் தேவை. குழுப்படத்துக்கு வேறு ஆட்களைப் பிடியுங்கள்.